ராஜப்பாவின் ஆல்பமும் உளவியலாரின் அளவுகோலும்

சுந்தர ராமசாமியின் 'ஸ்டாம்பு ஆல்பம்' என்னும் சிறுகதையை இதுவரை படிக்காத வாசகர்கள் யாரேனும் இருப்பின், இக்கட்டுரையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைப் படித்துவிடுங்கள். கால் மணி நேரம் போதும். படித்தவர்களிடம் எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. கதை எதைப் பற்றியது என்று என் மாணவர்களைக் கேட்டால், "பொறாமை கூடாது என்பதைப் பற்றியது ஐயா" என்று ஒரே குரலில் விடை வருகிறது. ஆசிரிய நண்பர்களிலும் பலர் அவ்வாறே கருதுகின்றனர். நல்லதொரு கதையை இவ்வாறு திருக்குறள் அதிகாரத் தலைப்பாகச் சுருக்கிவிடுவது நமக்குக் கைவந்த கலை.

நான் இலக்கியம் கற்றவன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். ஆயினும் குழந்தையின் மனத்தில் 'நான்' என்ற எண்ணம் எவ்வாறு உருவாகிறது என்பது பற்றி உளவியலார் கடந்த நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துள்ள செய்திகளோடு இக்கதையை ஒப்பிட்டுப் படித்தால், பொறாமை என்ற சொல் இதற்குப் போதாது என்பது தெளிவாகும். உளவியலாரின் அளவுகோல்களிலும் சில ஓட்டைகள் இருப்பது அப்போது தெரியவரும்.

முதலில் கதையை நினைவூட்டுகிறேன். ராஜப்பா என்ற சிறுவனிடம் பள்ளியிலேயே பெரிய தபால்தலை ஆல்பம் இருக்கிறது. தேனீ தேன் சேர்ப்பதுபோல் அலைந்து திரிந்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றிச் சேர்த்தது. ஒருநாள் நாகராஜனுக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா ஓர் ஆல்பம் அனுப்புகிறார். அன்றே பையன்கள் கூட்டம் இடம் மாறிவிடுகிறது. ராஜப்பாவின் ஆல்பம் குப்பைத் தொட்டிக்குத்தான் லாயக்கு என்று கேலியும் பிறக்கிறது. அவன் நாகராஜன் வீட்டுக்குப் போகிறான், ஆல்பத்தைத் திருடுகிறான், போலீஸ் வரும் என்ற பயத்தில் அதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்கிறான். அழுதுகொண்டு வந்து நிற்கும் நாகராஜனிடம் தன் ஆல்பத்தையே எடுத்துக் கொடுத்துவிடுகிறான்.

இதில் பலர் கவனியாது தாண்டிச் செல்லும் சிறு நிகழ்ச்சி ஒன்று உண்டு. வசதியான வீட்டுப் பையன் ஒருவன் ராஜப்பாவின் ஆல்பத்தை 25 ரூபாய்க்கு விலை பேசியிருக்கிறான். ராஜப்பா சீறுகிறான். உன் வீட்டுக் குழந்தையை எனக்கு விலைக்குத் தருவாயா என்ற பொருளில் பதிலடி கொடுக்கிறான். அக்காலத்தில் 25 ரூபாய் என்பது சிறுவனுக்குப் பெருஞ்செல்வம். ஆனால் அவனுக்கு அந்த ஆல்பம் ஒரு பொருளே அல்ல.

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதிய பெருநூலில், ஒருவனுடைய 'தான்' என்பது அவன் 'என்னுடையது' என்று சொல்லக்கூடிய எல்லாவற்றின் தொகுப்பு என்றார். உடல் மட்டுமல்ல, உடை, வீடு, குடும்பம், நற்பெயர், கைவேலை யாவும் அதில் அடங்கும். அவை வளர்ந்தால் அவனும் வளர்கிறான். தேய்ந்தால் அவனும் தேய்கிறான். இத்தொகுப்பைப் பற்றி ஒருவன் மனத்தில் வைத்திருக்கும் சித்திரத்தைத்தான் உளவியலார் 'தற்கருத்து' என்று அழைக்கின்றனர். நான் யார், எனக்கு எது வரும், எது வராது, பிறர் என்னை எப்படிப் பார்க்கின்றனர் என்பனவற்றுக்கு ஒருவன் தனக்குள் வைத்திருக்கும் விடைகளே அவை. ஜேம்ஸ் சொன்னதற்கு நாகர்கோவிலில் எழுதப்பட்ட இக்கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தற்கருத்து பிறக்கும்போதே வந்துவிடுவதில்லை. பீயூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர் 1972இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். குழந்தையின் மூக்கில் அது அறியாமல் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்தினார். சிறு குழந்தைகள் கண்ணாடிக்குள் இருப்பது வேறு குழந்தை என்றெண்ணி விளையாடின. ஏறத்தாழ ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள் உள்ளவை தம் மூக்கையே தொட்டுப் பார்த்தன. 'அது நான்தான்' என்ற அறிவு அப்போது அரும்புகிறது என்பது முடிவு.

அழகான சோதனைதான். ஆனால் இயற்பியல்காரனுக்குக் கருவியின் மேல் எப்போதும் ஒரு சந்தேகக் கண் உண்டு. நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பிறந்த நாள் முதலாகவே கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, நெற்றியில் மைப்பொட்டு. முகத்தில் யாரோ எதையோ பூசிவிட்டுப் போவது அன்றாட வழக்கம். அதைத் தொட்டு அழித்தால் அதட்டலும் கிடைக்கும். அப்படிப்பட்ட குழந்தை கண்ணாடியில் ஒரு புள்ளியைக் கண்டு கையை எடுக்காமல் நின்றால், அதற்குத் தன்னைத் தெரியவில்லை என்றா பொருள்? இது என் குதர்க்கம் மட்டும் அன்று. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கென்ய நாட்டுக் கிராமக் குழந்தைகளுள் மிகச் சிலரே புள்ளியைத் தொட்டனர். பெரும்பாலோர் அசையாமல் நின்றனர். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன்னைத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கருவி அளந்தது தன்னறிவை மட்டுமன்று. புதியவர் முன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற வீட்டுப் பழக்கத்தையும் சேர்த்தே அளந்திருக்கிறது.

மூன்று நான்கு வயதில் குழந்தை தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள். "என்கிட்ட சைக்கிள் இருக்கு, நான் வேகமா ஓடுவேன், எனக்கு நூறு வரை எண்ணத் தெரியும்" என்று அடுக்கும். உண்மையில் இருபதோடு நின்றுவிடும். இது பொய்யன்று. அவ்வயதில் தற்கருத்து துண்டுதுண்டாக, பெரும்பாலும் புகழுரையாகவே இருக்கும் என்று சூசன் ஹார்ட்டர் போன்ற ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை எடைபோடுவது ஏறத்தாழ ஏழு, எட்டு வயதில்தான் உறுதிப்படுகிறது. அதற்குப் பிறகு 'எனக்கு ஓடத் தெரியும்' என்பது 'அவனைவிட நான் மெதுவாக ஓடுகிறேன்' என்று மாறுகிறது.

ராஜப்பா அந்த எல்லையைக் கடந்துவிட்டவன். எனவேதான் நாகராஜனின் ஆல்பம் வந்ததும் அவனுடைய ஆல்பம் மாறிவிடுகிறது. மாறியது என்ன? ஒரு தபால்தலையும் குறையவில்லை; ஒரு பக்கமும் கிழியவில்லை. ஆயினும் இரவில் எழுந்தும் பார்த்து மகிழ்ந்த அதே ஆல்பம் இப்போது கந்தல் மூட்டையாகத் தோன்றி எரிச்சலூட்டுகிறது. ரயிலில் அமர்ந்திருக்கையில் பக்கத்து ரயில் முன்னோக்கி நகர்ந்தால் நம் ரயில் பின்னோக்கிப் போவதுபோல் தோன்றுமே, அதே நிலைதான். பொருள் அசையவில்லை, ஒப்பிடும் சட்டகம் நகர்ந்துவிட்டது. சார்லஸ் கூலி என்ற சமூகவியலார் 1902இலேயே, பிறர் நம்மைப் பார்க்கும் பார்வையே நமக்குக் கண்ணாடி என்று எழுதினார். பையன்களின் கூட்டம் ராஜப்பாவின் கண்ணாடி. அக்கண்ணாடி ஒரே நாளில் எழுந்து நாகராஜன் பக்கம் போய்விட்டது. இதைப் பொறாமை என்று மட்டும் சொல்வது, காய்ச்சலை உடல் சூடு என்று மட்டும் சொல்வதைப் போன்றது.

இனிச் சுபாவத்துக்கு வருவோம். இதே அடி வேறொரு பையன் மேல் விழுந்திருந்தால் அவன் திருடியிருப்பானா? கதையிலேயே நாகராஜன் இருக்கிறான். திடீரென்று வந்த புகழ் அவனைக் கொஞ்சமும் ஆட்டவில்லை. அவன் பெருமையடிப்பதில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் ஆல்பத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுகிறான், யாரும் தொடக்கூடாது என்பது மட்டுமே அவன் நிபந்தனை. ராஜப்பாவோ ஒரு தபால்தலைக்காக மைல் கணக்கில் நடப்பவன். எடுத்ததை விடாதவன், மகிழ்ச்சியானாலும் வேதனையானாலும் உச்சத்துக்குப் போகிறவன்.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியர் 1956இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தனர். உணர்ச்சியின் உக்கிரம், விடாமுயற்சி, புதியதைக் கண்டு நெருங்குதல் அல்லது ஒதுங்குதல் எனச் சுபாவத்துக்கு ஒன்பது கூறுகள் வகுத்தனர். எளிதில் இணங்கும் குழந்தைகள் 40 விழுக்காடு, கடினமானவை 10 விழுக்காடு, மெல்ல மெல்லப் பழகுபவை 15 விழுக்காடு என்று அவர்கள் கண்டனர். குழந்தை வளர்ப்பு நூல்களில் இம்மூன்று எண்களையும் நீங்கள் பார்த்திருக்கலாம். 'உங்கள் குழந்தை எந்த வகை?' என்று தலைப்பிட்டு, பின்பக்கத்தில் மதிப்பெண் அட்டவணையும் தந்திருப்பார்கள்.

கூட்டிப் பாருங்கள். 65தான் வருகிறது. மீதி 35 விழுக்காட்டுக் குழந்தைகள் எந்த வகையிலும் அடங்கவில்லை! மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே நிற்கும் பட்டியலை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு முத்திரை குத்துவது என்ன அறிவியல்? தாமஸ், செஸ் தம்பதியர் இந்த மீதியை மறைக்கவில்லை. அவர்களைச் சுருக்கி எழுதியவர்கள்தாம் வசதியாக மறந்துவிட்டார்கள். இன்னொரு குறை அவர்களுடையதேதான். ஆய்வுச் செய்திகள் பெரிதும் பெற்றோர் சொன்னவற்றிலிருந்து பெறப்பட்டவை. அப்பெற்றோரும் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர். களைத்துப்போன தாய்க்குச் சிணுங்கும் குழந்தை 'கடினமான' குழந்தையாகத்தான் தெரியும்.

ஜெரோம் கேகன் கையாண்ட முறை எனக்கு இன்னும் நம்பிக்கை தருகிறது. நான்கு மாதக் குழந்தைகளின் முன் வண்ணப் பொம்மைகளை ஆட்டியும், அறிமுகமற்ற குரல்களைக் கேட்கச் செய்தும், கைகால்கள் எப்படி அசைகின்றன, அழுகை வருகிறதா என்று நேரில் பார்த்துப் பதிவு செய்தார். ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் துள்ளித் துடித்து அழுதனர். 40 விழுக்காட்டினர் அமைதியாகக் கிடந்தனர். முதல் கூட்டத்தினர் பின்னாளில் கூச்சமும் அச்சமும் உடையவர்களாக வளரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் அவர்களுள்ளும் பெரும்பாலோர் கடுங்கூச்சம் உள்ளவர்களாக வளரவில்லை. சுபாவம் ஒரு சாய்வு, தலையெழுத்து அன்று. அதே ஆய்வுக்கூடத்தில், சிணுங்கியவுடன் ஓடிப்போய்த் தூக்கும் தாய்மாரின் குழந்தைகளைவிட, கனிவோடு சிறு கட்டுப்பாடுகளையும் வைத்த தாய்மாரின் குழந்தைகளிடம் அச்சம் குறைந்தது என்றும் கண்டனர். வீடு என்ற காரணி இங்கே உள்ளே நுழைகிறது.

சுபாவமும் வீடும் சந்திக்கும் இடத்தைத் தாமஸும் செஸ்ஸும் 'பொருத்தம்' என்றனர். ஓணத்துக்கு நம் மாவட்டத்தில் மாமரக் கிளைகளில் ஊஞ்சல் கட்டுவார்கள் அல்லவா? ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் கயிற்றின் நீளத்தைப் பொறுத்து ஓர் இயல்பான அலைவு நேரம் உண்டு. அதையறிந்து உரிய கணத்தில் விரல் நுனியால் தள்ளினாலும் ஊஞ்சல் வானுக்குப் போகும். கணம் தவறினால் பலங்கொண்ட மட்டும் தள்ளினாலும் தடுமாறும். நல்ல கயிறு, கெட்ட கயிறு என்று ஒன்றில்லை. இந்த உவமை ஓரளவுக்குத்தான் செல்லும். ஊஞ்சல் தன்னைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை, குழந்தையோ தள்ளுகிறவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது.

பொருத்தம் காலத்தோடு மாறும் என்பதற்குச் சீனாவிலிருந்து ஒரு சான்று உண்டு. ஷாங்காய் நகரப் பள்ளிகளில் 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் மாணவர்களை ஆராய்ந்தனர். 1990இல் கூச்சமுள்ள பிள்ளைகள் நண்பர்களாலும் ஆசிரியர்களாலும் நன்கு மதிக்கப்பட்டனர். அடக்கம் அங்கே நற்பண்பு. பன்னிரண்டே ஆண்டுகளில், போட்டி மிகுந்த புதிய நகர வாழ்வில், அதே கூச்சமுள்ள பிள்ளைகள் ஒதுக்கப்பட்டனர், சோர்வுற்றனர். அடக்கமான பையன் என்று நேற்றுவரை மெச்சப்பட்டவன் இன்று 'வாய் திறக்கத் தெரியாதவன்' ஆகிவிடுவது நாகர்கோவிலிலும் நடக்கிறது. அவனை மாற்றியது எது என்று கேட்டால், அவன் மாறவே இல்லை என்பதுதான் விடை.

கதையின் குறை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ராஜப்பாவின் வீடு கதையில் ஏறக்குறைய வெற்றிடம். அம்மா கதவைத் தட்டுகிறாள், வெந்நீர் அடுப்பு எரிகிறது, அவ்வளவே. அந்த வீட்டில் அவனை எந்தச் சொல்லால் அழைத்தார்கள்? பள்ளியில் பெருமை இழந்து வந்தவனுக்குச் சாய்ந்துகொள்ள வீட்டில் வேறொரு 'நான்' இருந்ததா? 'எங்க ராஜப்பா நல்லாப் படிப்பான்', 'பாட்டிக்கு வெற்றிலை இடிச்சுக் குடுப்பான்' என்று வேறு நாலு துண்டுகள் இருந்திருந்தால், ஆல்பம் என்ற ஒரே துண்டு போனதற்காக அவன் முழுவதும் இடிந்திருக்க வேண்டியதில்லை. நாகராஜனுக்கு மாமா இருக்கிறார். தன் அண்ணனின் ஆல்பத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் தங்கை காமாட்சி இருக்கிறாள். ராஜப்பாவின் பக்கத்தில் யாரும் இல்லை. ஆசிரியர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். ஆனால் அந்த வெற்றிடத்தைக் காணாமல் பையனின் உள்ளத்தில் மட்டும் குற்றம் தேடுகிறோமே, அது வாசிப்பின் குறை.

'என்னுடையது' என்று ஒரு குழந்தை எதைச் சொல்லலாம் என்பதைக் குடும்பமே முடிவு செய்கிறது என்பதற்கு நாஞ்சில் நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி நிலவிய காலத்தில், தந்தையின் சொத்து பெரிதும் அவருடைய சகோதரியின் மக்களுக்கே போயிற்று. கவிமணி அதைத்தான் 'மருமக்கள் வழி மான்மியம்' எழுதி எள்ளி நகையாடினார். 1926ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டம் அதை மாற்றியது. தகப்பன் வீட்டில் வளர்ந்துகொண்டே, இது என் வீடு அன்று என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் தற்கருத்தை அன்று எவரும் அளக்கவில்லை. ஜேம்ஸின் நூலோடு கவிமணியின் நூலையும் சேர்த்துப் படிக்கும் ஆராய்ச்சி மாணவர் யாரேனும் வந்தால் நன்று.

சொத்தைவிடவும் விரைவாக வேலை செய்வது சொல். நம் பக்கத்தில் பிள்ளைகளை "மக்களே" என்று வாய் நிறைய அழைப்பார்கள். கேட்கவே குளிரும். அதே வாய் அடுத்த நொடியில் "சவம்", "கோட்டிக்காரப் பய" என்றும் சொல்லும். சொல்பவர்க்கு இது வெறும் மூச்சுக்காற்று. விருந்தாளி வந்தால், "இவன் ஆளு கண்டா ஒளிஞ்சுக்கிடுவான், இவங்க அப்பனை மாதிரி" என்று அறிமுகம் செய்து வைப்பார்கள். அன்று கதவுக்குப் பின்னால் நின்றது ஒரு செயல். அதை ஒரு பெயராக்கி அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

புகழ்ச்சியும் இவ்வாறே வேலை செய்யும் என்பது வியப்பு. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் சிலரிடம் 'நீ நன்றாகப் படம் வரைபவன்' என்றும், வேறு சிலரிடம் 'இந்தப் படத்தை நன்றாக வரைந்தாய்' என்றும் பாராட்டினர். பிறகு படத்தில் ஒரு பிழை சுட்டப்பட்டது. முதல் வகைப் பாராட்டைப் பெற்றவர்களே அதிகம் மனம் தளர்ந்தனர். குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது. பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டிய சோதனை அது. எனவே அளவோடுதான் நம்ப வேண்டும். ஆயினும் ராஜப்பாவின் துயரத்துக்கு இது ஒரு திறவுகோல். அவன் 'நல்ல ஆல்பம் சேர்த்தவன்' அல்லன்; 'பெரிய ஆல்பக்காரன்'. வேறொருவனிடம் அதனினும் பெரியது வந்த மறுகணம் அப்பெயர் அவனுக்கு இல்லை.

ராஜப்பாவின் வீடு வெற்றிடம் என்றேன். அதைச் சுந்தர ராமசாமியே நிரப்பினார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1998இல் வெளிவந்த 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவலில், 1930களின் இறுதியில் கோட்டயத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது. அஞ்சும் சுபாவமுள்ள சிறுவன் பாலு. கண்டிப்பு மிக்க தந்தை எஸ்.ஆர்.எஸ்.; நோயுற்ற தாய் லட்சுமி; தமக்கை ரமணி. பொருத்தமின்மை என்று நியூயார்க் ஆய்வு சொன்னதை ஒரு வீட்டுக்குள் வைத்துக் காட்டும் நாவல் இது. தந்தை கொடியவர் அல்லர். அச்சிறுவனும் மந்தமானவன் அல்லன். இருவரின் அலைவு நேரமும் சேரவில்லை. ஒரே கூரையின் கீழ் ரமணியும் வளர்கிறாள். அவளுக்கு அமைந்த வீடு வேறு. 1987இல் பிளோமின், டேனியல்ஸ் என்ற ஆய்வாளர்கள், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று கேட்டு, ஒரு வீடு ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு வீடாகவே அமைகிறது என்பதை வலியுறுத்தினர். அந்தக் கட்டுரையைவிட நாவல் எனக்கு இதை நன்றாக விளக்கியது.

ஆனால் நாவலைச் சான்றாக எடுத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. 1931இல் பிறந்து, இளமையில் சில ஆண்டுகளைக் கோட்டயத்தில் கழித்த ஒருவர் அறுபது வயதைத் தாண்டியபின் எழுதியது அது. முதியவர் நினைவுகூரும் சிறுவன், அன்றிருந்த சிறுவன் அல்லன். நினைவு ஒரு புகைப்படம் அன்று. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சற்றே திருத்தி வைக்கப்படுவது. உளவியலாரின் வினாத்தாளில் பெற்றோரின் கை கலந்திருப்பதுபோல், நாவலில் வளர்ந்த மனிதனின் கை கலந்திருக்கிறது. எந்தக் கருவியில் எந்தப் பிழை என்று அறிந்து பயன்படுத்துவதுதான் ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பிப்பது.

கதையின் முடிவை எந்த அட்டவணையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ராஜப்பா தன் ஆல்பத்தைக் கொடுத்துவிடுகிறான். குற்ற உணர்ச்சி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். குற்ற உணர்ச்சிக்கு மன்னிப்புக் கேட்டால் போதும். உண்மையைச் சொன்னால் போதும். அவன் அதைச் சொல்லவில்லை. எரித்தது நாகராஜனின் ஒரு துண்டு. அதற்கு ஈடாகத் தன்னுடைய ஒரு துண்டையே வெட்டித் தருகிறான். கந்தல் மூட்டையாகத் தெரிந்த ஆல்பம், கொடுக்கும் அந்தக் கணத்தில் பழையபடி விலைமதிப்பற்றதாகிவிடுகிறது. ஒப்பிட இன்னோர் ஆல்பம் இப்போது இல்லை என்பதாலா, இழக்கப்போகிறோம் என்பதாலா?

நாகராஜன் படியிறங்கும்போது ராஜப்பா அவனைக் கூப்பிடுகிறான். இன்றிரவு மட்டும் அதை வைத்துக்கொண்டு காலையில் தந்துவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். கதவைத் தாழிட்டு, ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். நாகராஜன் அன்று வெறுங்கையோடுதான் வீடு திரும்பியிருக்க வேண்டும். காமாட்சி அவனிடம் என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்பதைக் கதை சொல்லவில்லை.